நெடுந்தீவுப் பிக்கப்பின் இடப்பக்கப் போல்ட்

கராஜுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, இறுகின போல்ட்டுக்கு எந்த எண்ணெய் திறம்?" ஏதோ நான் கரம்பொன்னில் காலம் முழுக்க எண்ணெய்க் கடை வைத்திருந்தவன் மாதிரி. டீசல் நல்லது. பிரேக் எண்ணெய் நல்லது. டப்பாவில் விற்கிற ஸ்பிரே இன்னும் நல்லது. ஒன்றும் கிடைக்காவிட்டால் குசினியில் இருக்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றினாலும் குடி முழுகாது. எண்ணெயைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எண்ணெய்க்கும் சுத்தியலுக்கும் வராத ஒரு போல்ட்டைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன், கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள்.

இந்தக் கராஜின் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நான் வீட்டோடு இருக்கத் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். நெடுந்தீவிலிருந்து ஜசிந்தா என்று ஒரு பெண் போன் எடுத்தார். தன்னிடம் பழைய ஜப்பான் பிக்கப் ஒன்று இருக்கிறது, பின்பக்கம் இடப்புறத்தில் டொக் டொக் என்று அடிக்கிறது, ஓடும்போது வாகனம் நண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது என்றார். எனக்குக் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. பின் ஸ்பிரிங் தகட்டின் முன் முனையை ஒரு நீளமான போல்ட் வாகனத்தின் அடிச்சட்டமான சேசியோடு பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, புஷ்ஷை மாற்றி, திரும்பப் பூட்டினால் சரி. பின்னேரப் படகில் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சாமான் பையோடு குறிகட்டுவானில் படகேறினேன்.

பிக்கப்பைக் கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கரைவலை ஓரத்து மரக்குற்றி மாதிரி அடியெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. ஜசிந்தாதான் அதை ஓட்டுகிறவர். வள்ளங்கள் கரைக்கு வரும்போது மீன் பெட்டிகளைத் தோளில் சுமக்கப் பஞ்சிப்பட்டு, பிக்கப்பைப் பின்பக்கமாகக் கடலுக்குள்ளேயே இறக்கி, வள்ளத்தோடு ஒட்டி நிறுத்தி ஏற்றுவார்களாம். ஏற்றின மீனையும் ஐஸையும் இறங்குதுறைக்குக் கொண்டுபோவதுதான் அதன் தொழில். பஸ் ஓடாத நாட்களில் தீவின் மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அதே பிக்கப்தான் ஏற்றிப் போகும்.

"தங்கச்சி, இது வாகனமோ, வள்ளமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் அண்ணை," என்று சிரித்தார். "இந்த மனுசன் வள்ளத்துக்குச் செய்யிற எல்லாத்தையும் இதுக்கும் செய்யிறார்."

இந்த மனுசன் என்றது அவருடைய கணவர் அந்தோனியை. தொழிலுக்குப் போன இடத்தில் வள்ளத்துக்குள் விழுந்து இடுப்புக்கு மேலே நாரியை முறித்துக்கொண்டவர். அதற்குப் பிறகு கடலுக்குப் போக ஏலாது. வீட்டு வளவிலேயே இருந்து பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவார். ரெசின் பசையும் பைபர் மாட் என்கிற கண்ணாடி நார்ப் பாயும் அவர் கையில் பட்டால் உடைந்த வள்ளம் புதிதாகிவிடும் என்று தீவில் பெயர். நல்ல மனுசன். எனக்கு இளநீர் வெட்டித் தந்துவிட்டு, நான் ஜக்கைப் போட்டு, சேசிக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, வாகனத்தைத் தூக்கி வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பழைய பிக்கப்புகளில் அந்தப் போல்ட்டுக்கு ஒரு குணம் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்த இடத்தில் போல்ட்டை முதலில் பூட்டிவிட்டு, பிறகுதான் டீசல் தாங்கியை ஏற்றியிருக்கிறார்கள். போல்ட்டை வெளியே இழுத்தால் தலை போய்த் தாங்கியில் முட்டும். ஆகவே தாங்கியை இறக்க வேண்டும். டீசலை வடித்து, தாங்கியை இறக்கி, தூரக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தேன். நட்டும் கழன்றது. போல்ட் மட்டும் அசையவில்லை. எண்ணெய் ஊற்றினேன். காத்திருந்தேன். அடித்தேன். திரும்ப ஊற்றினேன். அது கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. வாகனத்தின் சொந்தக்காரர்கள் நான் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வழக்கமாக என்ன சொல்வார்கள்? "நல்லாப் போட்டு அடியுங்கோ ஐயா" என்பார்கள். தாங்களும் சுத்தியலைக் கேட்பார்கள். அந்தோனி என்னவென்றால், நான் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தன் நாரியில் விழுந்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"அண்ணை, மெல்லமா."

"மெல்லமா அடிச்சா இது கிறிஸ்மஸுக்கும் வராது."

"வராட்டி விடுங்கோவன். புஷ்ஷுக்கு வெளியால ரப்பரை வைச்சு இறுக்கினாக் காணாதோ? சத்தம் நிண்டாச் சரிதானே."

சத்தம் நின்றால் சரி என்று வாகனம் வைத்திருக்கிறவன் சொல்லலாம். வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவன் சொல்லக்கூடாது. அப்போது நான் அதை யோசிக்கவில்லை, அந்தப் போல்ட்டோடு எனக்குச் சண்டை முற்றிப்போயிருந்தது.

குசினியிலிருந்து ஜசிந்தா எட்டிப் பார்த்தார். "அண்ணை, எப்பிடியும் இண்டைக்கு முடிச்சுத் தரோணும். நாளைக்குச் சோதினை துவங்குது. பஸ் உடைஞ்சு கிடக்கு. பிள்ளையளை நான்தான் ஏத்திக்கொண்டு போறன் எண்டு தாய்மாருக்கு வாக்குக் குடுத்திட்டன். காஸ் கட்டர் வேணுமெண்டாச் சொல்லுங்கோ, ஆளை அனுப்பி எடுப்பிக்கிறன்."

சாதாரண தரச் சோதினை, ஓ.எல். பரீட்சை. மேற்குப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அந்த வெயிலில் நடந்து போய், வியர்த்து வழிந்துகொண்டு யார் கணக்குச் செய்வது? எனக்கும் காஸ் கட்டர்தான் சரி என்று பட்டது. தாங்கியும் தூரத்தில் இருக்கிறது. போல்ட்டின் இரண்டு பக்கமும் நெருப்பைப் பிடித்து வெட்டினால் அரைமணித்தியால வேலை. "எடுப்பியுங்கோ தங்கச்சி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் பழக்கியிருக்கிறேன். கழற்றின நட்டையும் வாஷரையும் நிலத்தில் வைக்கமாட்டேன். ஒரு வட்டக் காந்தத்தில் ஒட்டி, அந்தக் காந்தத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் சேசியிலேயே ஒட்டிவிடுவேன். அன்றைக்கும் படுத்தபடியே, போல்ட்டைப் பிடித்திருக்கிற இரும்புக் காதுக்குப் பக்கத்தில் காந்தத்தை ஒட்டினேன். அது ஒட்டவில்லை. நட்டும் வாஷருமாக என் நெஞ்சில் விழுந்தது.

திரும்பவும் வைத்துப் பார்த்தேன், திரும்பவும் விழுந்தது. ஒரு சாண் முன்னே தள்ளி வைத்தேன், ஒட்டிக்கொண்டது. பின்னே கொண்டுவந்தேன், விழுந்தது. கறுப்புப் பெயின்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ரெசின் மினுங்கியது.

சேசியின் அந்தத் துண்டும், ஸ்பிரிங்கைத் தாங்குகிற காதும் உப்பில் துருப்பிடித்து உக்கிப்போயிருந்திருக்கின்றன. அந்தோனி அதை வள்ளத்தின் ஓட்டையைப் போலவே அடைத்திருக்கிறார். பைபர் மாட்டைச் சுற்றி, ரெசினைப் பூசி, அரத்தால் ராவி, ஓரம் கூடத் தெரியாமல். கராஜில் வாகனங்களுக்கு அடியிலேயே சீவித்த என் கண்ணையே அந்த வேலை ஏமாற்றிவிட்டது. அவ்வளவு வடிவான வேலை. அதற்கு மேல் கறுப்புப் பெயின்டும், அதற்கு மேல் சேறும் பூசியிருந்தது. அந்தச் சேறுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. தன் வேலையை முழுதாக நம்பின மனுசன் அதன் மேல் சேறு பூசமாட்டான்.

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் கை நோகிற இடம் போல்ட் இறுகுகிற இடம் இல்லை. இப்படியொன்றைக் கண்டுவிட்டு வாகனத்துக்கு அடியில் கிடக்கிறீர்களே, வெளியே வந்து யாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். குசினியில் ஜசிந்தா தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்கிறது. கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது. ஆனால் நாரி முறிந்து, மனைவியின் உழைப்பில் சாப்பிட்டுக்கொண்டு, ரெசின் வேலை ஒன்றில்தான் தலை நிமிர்ந்து நிற்கிற மனுசன் அவர். அவர் மனைவிக்கு முன்னால் அந்த வேலையைப் பிய்த்துப் போட எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் ஏலாது.

"அந்தோனி, ஒருக்கா உள்ளுக்கு வாரும்," என்றேன்.

"எனக்குக் குனிய ஏலாது அண்ணை."

"குனிய வேண்டாம். படுக்க ஏலும்தானே? சாக்கு விரிச்சிருக்கிறன்."

அவர் விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். மறுபேச்சுப் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துக்கு வந்தார். நான் ஒரு சின்ன ஸ்பானரை அவர் கையில் கொடுத்தேன்.

"வள்ளத்துக்கு ஒட்டுப் போட்டாப்போலை தட்டிப் பாப்பீரே, அதுமாதிரி இதைத் தட்டிப் பாரும்."

பைபர் வேலைக்காரர் எல்லோரும் செய்கிற காரியம் அது. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் ஒரு சத்தம். உள்ளே விட்டுப்போய்ப் பொய்யாக நின்றால் வேறு சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தில் பழக்கம் இல்லை. அவருக்கு இருக்கிறது. அவர் போல்ட்டின் காதுக்குப் பக்கத்தில் தட்டினார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். போல்ட்டின் கீழே தட்டினார். பிறகு ஸ்பானரை வயிற்றில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"விட்டுப்போச்சு அண்ணை. உள்ளுக்குப் பிடிக்க இரும்பே இல்லை."

"எப்ப போட்டனீர்?"

"போன மழைக்கு முன்னம். அவ தமக்கையாரைப் பாக்க யாழ்ப்பாணம் போன நேரம் போட்டனான். இரும்பைவிடப் பைபர் கெட்டி எண்டுதான் நினைச்சனான். மெய்யாத்தான் அண்ணை."

"அப்ப ஏன் சேறு பூசினீர்?"

அவர் ஸ்பானரின் முனையால் காய்ந்த சேற்றைச் சுரண்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் ஓடாதோ? பிள்ளையள் சோதினைக்குப் போகோணும். நாளைக்கு ஓடட்டும். வந்தாப்போலை நானே அவவுக்குச் சொல்லுறன். நீங்கள் இப்ப ஒண்டும் சொல்லாதையுங்கோ."

என்ன சொல்வீர்கள்? அவசரப்பட்டு நல்ல பிள்ளை மாதிரிப் பதில் சொல்லாதீர்கள். போன மழைக்கு முன்பிருந்து ஓடின வாகனம். நாளைக்கும் ஓடியிருக்கலாம். நாளை மறுநாளும் ஓடியிருக்கலாம். நிச்சயம் உடையும் என்று சொல்லியிருந்தால் அது பொய். நிச்சயம் தாங்கும் என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய். வெள்ளைச் சட்டையோடு படலையடியில் காத்து நிற்கப்போகிற பிள்ளைகள் என் மனதிலும் வந்தார்கள். சோதினை தவறினால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போகும்.

"ஓடுமோ ஓடாதோ எண்டு எனக்குத் தெரியாது அந்தோனி," என்றேன். "உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிள்ளையள் பின்பெட்டியிலை எங்கை இருக்கிறவை?"

அவர் கையை உயர்த்தி, எங்கள் முகத்துக்கு நேரே மேலே இருந்த பெட்டியின் அடித்தகட்டைத் தொட்டார். அதற்கு மேல்தான் பிள்ளைகள் இருந்து போகிற இடப்பக்கப் பலகை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்த போல்ட்டுக்கு நேர் மேலே. தொட்ட கையை அவர் எடுக்கவில்லை.

"உம்மட வள்ளத்திலை இப்பிடி ஒரு ஒட்டு இருந்தா, ஆக்களை ஏத்துவீரோ?"

"அண்ணை, இரும்பு அறுக்கிற வாளைத் தாங்கோ," என்றார்.

"நான் வெட்டுறன். உமக்கு நாரி."

"இல்லை. நான் மூடினது. நான்தான் திறக்கோணும்."

படுத்த படுக்கையிலேயே அவர் தன் வேலையைத் தானே வெட்டினார். தூள் கண்ணில் விழுந்தது, துவாயால் துடைத்துக்கொண்டு திரும்ப வெட்டினார். இடையில் நாரி பிடித்துக்கொண்டு வலியில் முனகினார். வாளை வாங்கப் போனேன், தரவில்லை. சுற்றி வெட்டி முடித்ததும் உளியை ஒரு தரம் நெம்பினார். நான் காலையிலிருந்து மல்லுக்கட்டின போல்ட், எவ்வளவு அடித்தும் அசையாத போல்ட், தன்னைப் பிடித்திருந்த காதையும் சேசியின் துண்டையும் கூட்டிக்கொண்டு, ஒரே கட்டியாக அவர் கையில் வந்து விழுந்தது. பிடிக்க வேண்டிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, துருவோடு மட்டும் இறுகிப்போயிருந்தது அந்தப் போல்ட்.

அவர் வெளியே வர நான் கைகொடுத்தேன். அந்தக் கட்டியைக் கொண்டுபோய்க் குசினி வாசலில் நின்ற ஜசிந்தாவின் கையில் வைத்தார். நான் சாமான்களைத் துடைக்கிற மாதிரி நின்றேன்.

"சேசி உக்கிப்போச்சு ஜசி. நான் பைபர் வைச்சு மூடி வைச்சிருந்தனான்."

ஜசிந்தா கட்டியைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார். கத்துவார் என்று நான் நினைத்தேன்.

"இதுக்கு மேலதானே பிள்ளையள் இருந்தது?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டிப்போடுவாய். பிறகு வீட்டிலை ரெண்டு பேரும் சும்மா இருக்கோணும். நான் ஒருத்தன் சும்மா இருக்கிறது காணாதோ எண்டு நினைச்சனான்."

"ஓம், நிப்பாட்டியிருப்பன்," என்றார் ஜசிந்தா. அவருடைய கண் கலங்கிவிட்டது. "உங்களை ஆர் சும்மா இருக்கிற ஆளெண்டு சொன்னது?"

வேப்பமரத்தடியில் இருந்த தாங்கியைப் பார்க்கப் போகிற மாதிரி நான் போய்விட்டேன்.

சோதினைக்கு என்ன வழி? முருகைக்கல் வேலிக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரரிடம் பெட்டி பூட்டின லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று இருந்தது. அந்த வேலிக் கல்லைத் தள்ளி வைத்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். ஜசிந்தா புறப்பட்டார். அந்தோனி அவரை மறித்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு தானே போனார். நானும் துணைக்குப் போனேன். அந்த மனுசன் படலையைத் திறக்காமலேயே, "என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"என்ர பிக்கப்பிலை இனிப் பிள்ளையளை ஏத்த ஏலாது. சேசி உக்கினது தெரிஞ்சும் நான் மூடி வைச்சு ஓட விட்டனான். நாளைக்குச் சோதினைக்கு உங்கட லாண்ட்மாஸ்டர் வேணும்," என்றார் அந்தோனி.

சும்மா பழுது என்று சொல்லியிருந்தாலே போதும். யாரும் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். வளவுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வளவுக்காரருடைய மகளும் எத்தனையோ தரம் அந்தப் பலகையில் இருந்து போனவள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "விடியக் கொண்டுவாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சொன்னபடி கொண்டுவந்தார். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சோதினைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் பின்னேரப் படகை விட்டுவிட்டு அங்கேயே தங்கி, உக்கின இரும்பு எங்கே முடிகிறது, நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று காந்தத்தை வைத்து அடி முழுக்கத் தேடி அடையாளம் போட்டேன். பிறகு ஊருக்கு வந்து, உடைத்த வாகனம் ஒன்றில் சேசித் துண்டை வெட்டி எடுத்து, தடித்த தகடும் வெல்டிங் சாமானுமாகப் படகேற்றிக்கொண்டு திரும்பப் போனேன். ஒட்டின விதத்தை உங்களுக்கு விபரமாகச் சொல்லத் தேவையில்லை, இதைவிட வடிவாக நீங்கள் ஒட்டுவீர்கள். மற்றப் பக்கமும் உக்கத் தொடங்கியிருந்தது, அதையும் மாற்றினோம். புதுப் போல்ட்டுக்கு கிரீஸ் பூசி நான் கையால் தள்ளினபோது அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "இனிக் கடலுக்குள்ளை இறக்கினா நான் இந்தத் தீவுக்கு வரமாட்டன்," என்று ஜசிந்தாவிடம் சொன்னேன். "இறக்கமாட்டன் அண்ணை," என்றார். சொன்னதைக் காப்பாற்றினாரோ தெரியாது.

வேலை முடிந்து வாகனம் நிலத்தில் இறங்கிய பிறகு, அடுத்த நாள் பிள்ளைகளை ஏற்றலாமா என்று ஜசிந்தா என்னைக் கேட்டார். ஏற்றலாம் என்றேன். அந்தோனி மட்டும் வாகனத்தைச் சுற்றி வந்தார். அவர் எப்போதும் முன்னால், நாரிக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் இருப்பார். அதுவும் தூரம் என்றால் வரமாட்டார். அன்றைக்குப் பின்கதவைத் திறந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினார். போய் இடப்பக்கப் பலகையில், அந்தப் போல்ட்டுக்கு நேர் மேலே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, உதிலை இருந்து உங்களுக்கு ஏலாது," என்றார் ஜசிந்தா. "ரோட்டு முழுக்கக் கல்லு. முன்னுக்கு வாங்கோ."

"துறைமட்டும் போயிட்டு வருவம்."

ஜசிந்தா என்னைப் பார்த்தார். நான் பின்கதவைப் பூட்டினேன். அவர் ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"அப்ப மெல்லமா ஓட்டட்டோ?"

அந்தோனி பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை," என்றார். "பிள்ளையளை வைச்சுக்கொண்டு எப்பிடி ஓட்டினனியோ, அப்பிடியே ஓட்டு."